வயசுக்கு வரும் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். வகுப்பு முடிந்ததும் மேசையருகே தயங்கி நிற்கும் பிள்ளைகள், கேள்விப் பெட்டியில் பெயர் போடாமல் விழும் துண்டுச் சீட்டுகள், பெற்றோர் கூட்டம் கலைந்த பிறகு ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்கும் அம்மாக்கள். வருடம் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பையன்களுக்கு ஒரு பகுதி, பெண்களுக்கு ஒரு பகுதி என்று பிரிக்கவில்லை. இரண்டு பேருமே எல்லாவற்றையும் படிக்க வேண்டும்.

மிஸ், இதெல்லாம் எந்த வயசுல ஆரம்பிக்கும்? என் ஃப்ரெண்டுக்கு எல்லாம் வந்துருச்சு, எனக்கு இன்னும் ஒண்ணுமே இல்ல.

மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி என்ற சின்னச் சுரப்பி சைகை கொடுத்ததும் பெண்களுக்குச் சினைப்பையும் பையன்களுக்கு விரையும் வேலையைத் தொடங்கும். பெண்களுக்கு இது 8 முதல் 13 வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம், பையன்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள். பெண்களுக்குப் பெரும்பாலும் முதலில் மார்பு அரும்பும். அதிலிருந்து ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வருடத்தில் மாதவிடாய் வரும். பையன்களுக்கு முதலில் விரைகள் பெரிதாகும். அது வெளியே தெரியாததால், மீசை அரும்பினால்தான் ஆரம்பம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மீசை ரொம்பப் பின்னால் வருவது.

ஏழாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு பேருக்குள் நான்கு வருட வித்தியாசம் தெரியலாம். இரண்டு பேருமே சரியாகத்தான் வளர்கிறார்கள். அம்மா எப்போது வயசுக்கு வந்தார், அப்பா எந்த வகுப்பில் உயரம் ஏறினார் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள், பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

டாக்டரிடம் காட்ட வேண்டிய எல்லைகள் உண்டு. பெண்ணுக்கு 8 வயதுக்கு முன்பே, பையனுக்கு 9 வயதுக்கு முன்பே மாற்றம் தொடங்கினால் காட்ட வேண்டும். 13 வயதாகியும் பெண்ணுக்கு மார்பு வளர ஆரம்பிக்கவில்லை, 15 ஆகியும் மாதவிடாய் வரவில்லை, பையனுக்கு 14 ஆகியும் எந்த மாற்றமும் இல்லை என்றாலும் அப்படித்தான்.

மார்புல ஒரு பக்கம் மட்டும் கட்டி மாதிரி இருக்கு, இடிச்சா உயிர் போகுது. கேன்சரா?

இல்லை. மார்பு அரும்பும்போது காம்புக்கு அடியில் சுண்டைக்காய் அளவுக்குக் கெட்டியாக ஒன்று வரும், தொட்டால் வலிக்கும். ஒரு பக்கம் முதலில் வந்து, மறுபக்கம் சில மாதம் கழித்து வருவது சகஜம். இரண்டும் கொஞ்சம் வேறு வேறு அளவில் வளர்வதும் சகஜம்தான். அழுத்திப் பார்க்க வேண்டாம், பருத்தியில் மெல்லிய உள்ளாடை போட்டால் உரசல் குறையும்.

இதே சீட்டைப் பையன்களும் எழுதுகிறார்கள், அவமானத்தோடு எழுதுகிறார்கள். பையன்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த வயதில் மார்பு லேசாக வீங்கும். ஹார்மோன்கள் ஏறி இறங்குவதால் வருவது, பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் தானாக வடிந்துவிடும். அதற்காகச் சட்டைக்குள் இரண்டு பனியன் போட்டுக்கொண்டு விளையாட்டுப் பீரியடில் ஒதுங்கி உட்காரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. இரண்டு வருடம் தாண்டியும் இருந்தால், அல்லது காம்பிலிருந்து ஏதாவது கசிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

வயசுக்கு வந்துட்டா அதுக்கப்புறம் உயரமே ஏறாதாமே?

ஏறும், ஆனால் கொஞ்சம்தான். பெண்கள் விறுவிறுவென்று வளர்வது மாதவிடாய்க்கு முந்தைய ஒன்றிரண்டு வருடங்களில். அதற்குப் பிறகு பெரும்பாலும் 5 முதல் 7 சென்டிமீட்டர் வரை வளர்வார்கள். பையன்களுக்கு இந்த வேகம் சுமார் இரண்டு வருடம் தாமதமாக வரும். அதனால்தான் ஏழாம் வகுப்பில் பெண்கள் உயரமாகவும் பத்தாம் வகுப்பில் பையன்கள் உயரமாகவும் இருக்கிறார்கள். உயரத்தை முக்கியமாகத் தீர்மானிப்பது அப்பா அம்மாவின் உயரம். அடுத்தது சாப்பாடும் தூக்கமும். டப்பாவில் விற்கும் பவுடரோ, கம்பியில் தொங்குவதோ எலும்பை நீட்டாது.

பேசிட்டே இருக்கும்போது குரல் கீச்னு போயிடுது. ப்ரேயர்ல பாட விட மாட்டேங்கிறாங்க.

குரல்வளை பெரிதாகி, குரல் நாண்கள் நீளமாகவும் தடிமனாகவும் ஆகின்றன. புது அளவுக்குத் தொண்டைத் தசைகள் பழகும்வரை குரல் வழுக்கும். பழைய நாடகக் கம்பெனிக்காரர்கள் இதை மகரக்கட்டு என்பார்கள். அதுவரை பாடி நடித்த பையன்களுக்குப் பாட்டு வேடம் கைவிட்டுப் போகிற காலம் அது. சில மாதங்களில் குரல் நிலைப்படும். கத்தி வலிந்து பாட வேண்டாம், தணிந்த சுருதியில் பாடலாம். ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தப் பையனைப் பாட்டுக் குழுவிலிருந்து நீக்காதீர்கள், கீழே ஒரு சுருதி கொடுங்கள்.

பீரியட்ஸ்ல வர்றது கெட்ட ரத்தமா?

கெட்ட ரத்தம் என்று ஒன்று உடம்பில் இல்லை. ஒவ்வொரு மாதமும் கர்ப்பப்பையின் உள்பக்கம் ஒரு மெத்தென்ற படலம் வளர்கிறது, கரு தங்கினால் வேண்டுமே என்று. தங்காவிட்டால் அந்தப் படலம் ரத்தத்தோடு கழிகிறது. 2 முதல் 7 நாள் வரை இருக்கும். பார்க்க நிறையத் தெரிந்தாலும் மொத்தமாகப் போவது பெரும்பாலும் 80 மில்லிக்குள்தான். பழுப்பாகவோ சின்னக் கட்டியாகவோ வருவது பயப்படும் விஷயம் இல்லை.

போன மாசம் வந்துச்சு, இந்த மாசம் வரவே இல்ல. யார்கிட்டயும் சொல்ல பயமா இருக்கு.

முதல் இரண்டு வருடம் இப்படித்தான் இருக்கும். சினைப்பை மாதாமாதம் முட்டை விடப் பழகுவதற்கு நாளாகும். ஒரு மாதவிடாயின் முதல் நாளிலிருந்து அடுத்ததன் முதல் நாள் வரை 21 முதல் 45 நாள் வரை எதுவுமே இந்த வயதில் இயல்புதான். வீட்டில் தொங்கும் மாதக் காலண்டரில் சின்னப் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி தேதிதான்.

மூன்று மாதத்துக்கு மேல் வராமல் போனால், 7 நாளுக்கு மேல் நீடித்தால், ஒரு மணி, இரண்டு மணிக்கு ஒரு பேட் முழுசாக நனைந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வலி இருந்தால் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், டாக்டர் சொன்ன அளவில் வலி மாத்திரையும் போடலாம். மாத்திரை போட்டால் பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்பது கட்டுக்கதை. ஆனால் மாதாமாதம் இரண்டு நாள் பள்ளிக்கு லீவு போடும் அளவுக்கு வலி இருந்தால், "பொண்ணுன்னா தாங்கிக்கணும்" என்று விட்டுவிடாதீர்கள். அது சிகிச்சை வேண்டிய வலி.

பேட் வைக்கறதா, துணி வைக்கறதா? ஸ்கூல்ல மாத்தவே முடியல மிஸ்.

எதுவானாலும் சுத்தமாக இருந்தால் சரி. பேடை 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், கறை குறைவாக இருந்தாலும். துணி என்றால் சோப்புப் போட்டு அலசி, நல்ல வெயிலில் காய வைக்க வேண்டும். யாரும் பார்க்கக் கூடாது என்று கட்டிலுக்கு அடியிலும் மற்ற துணிக்குக் கீழேயும் ஒளித்துக் காய வைப்பதால்தான் ஈரம் தங்கி அரிப்பும் புண்ணும் வருகிறது. பயன்படுத்திய பேடைத் தாளில் சுற்றிக் குப்பைக்கூடையில் போடுங்கள், கழிப்பறைக்குள் போடாதீர்கள்.

தமிழக அரசின் புதுயுகம் திட்டத்தில் 10 முதல் 19 வயதுப் பெண்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 6 பேட் கொண்ட 3 பாக்கெட் இலவசமாகக் கிடைக்கும். உங்களுக்கு வரவில்லை என்றால் வகுப்பாசிரியையிடமோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ கேட்டு வாங்குங்கள், அது உங்களுக்கு உரியது. பாவாடையில் கறை பட்டுவிட்டால் கடைசி மணி அடிக்கும்வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டாம். எந்த ஆசிரியையிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். வகுப்புப் பையன் பார்த்துவிட்டால் செய்ய வேண்டியது ஒன்றே: சிரிக்காமல் வழி விடுவது.

பாட்டி என்னைத் தனியா உட்கார வச்சிட்டாங்க. ஊறுகாயைத் தொட்டா கெட்டுப் போயிடும்னு சொல்றாங்க. நிஜமா?

ஊறுகாய் கெடுவது ஈரக் கரண்டியால். மாதவிடாயில் இருக்கும் கைக்கும் மற்ற நாள் கைக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. செடி வாடாது, பால் திரியாது. தலைக்குக் குளிக்கலாம், விளையாடலாம், பரீட்சை எழுதலாம். கோயிலுக்குப் போவது, விளக்கேற்றுவது எல்லாம் அவரவர் நம்பிக்கை, அதில் நான் தலையிடுவதில்லை. ஆனால் ஒரு பிள்ளையை வீட்டுக்கு வெளியே படுக்க வைப்பதை நம்பிக்கை என்று ஒப்புக்கொள்ள என்னால் முடியாது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில், தஞ்சாவூர் மாவட்டத்தில் வயசுக்கு வந்ததற்காகத் தனிக் குடிசையில் தங்க வைக்கப்பட்டிருந்த ஒரு சிறுமி, தென்னை மரம் விழுந்து இறந்தாள். புயல் வருகிறது என்று ஊருக்கே தெரிந்திருந்தது. அப்படியும் அவளை உள்ளே கூப்பிடவில்லை.

மஞ்சள் நீராட்டு விழா வேண்டுமா என்று அம்மாக்கள் கேட்பார்கள். தாய்மாமன் சீர், உறவு கூடுவது எல்லாம் உங்கள் விருப்பம். பெண்ணிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்பேன். தெருமுனையில் அவள் படம் போட்டு ஃப்ளெக்ஸ் வைத்தால், மறுநாள் அந்த வழியாகத்தான் அவள் பள்ளிக்கு நடந்து வர வேண்டும். விழாவுக்காக இரண்டு வாரம் பள்ளியை விட வைப்பதும் வேண்டாம்.

சடங்கில் எனக்குப் பிடித்தது சாப்பாடு. உளுந்தங்களி, நல்லெண்ணெய், கருப்பட்டி, முட்டை எல்லாமே வளரும் உடம்புக்கு நல்லவைதான். முட்டையை மட்டும் பச்சையாகக் குடிக்கக் கொடுக்காதீர்கள். பச்சை முட்டையில் கிருமி இருக்கலாம். வேக வைத்தால் சத்தும் நன்றாக உடம்பில் சேரும். இன்னொன்று, பெண்ணுக்கு முப்பது நாள் கொடுக்கும் அந்தக் கவனிப்பை முப்பது நாளோடு நிறுத்தாதீர்கள். கூடவே வளரும் தம்பிக்கும் களி கிண்டிக் கொடுங்கள்.

ஸ்கூல்ல தர்ற நீல மாத்திரை சாப்பிட்டா வயித்தப் பெரட்டுது. தூக்கிப் போட்டுடலாமா?

தூக்கிப் போடாதீர்கள். அது வாரம் ஒன்று போட வேண்டிய இரும்புச்சத்து மாத்திரை, 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதத்துக்கும் மேல் ரத்தசோகை இருந்தது. அதே வயதுப் பையன்களில் 31 சதவீதம். அதனால் மாத்திரை பையன்களுக்கும் உண்டு.

வெறும் வயிற்றில் போட்டால் பிரட்டும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம், இரும்பைச் சேர விடாது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். வருடத்துக்கு இரண்டு முறை தரும் அல்பெண்டசோல் பூச்சி மாத்திரையையும் விடாதீர்கள். வீட்டில் முருங்கைக்கீரை, கம்பு, வேர்க்கடலை, அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் சுவரொட்டி என்ற ஆட்டு மண்ணீரல். கூடவே எலுமிச்சை, நெல்லி, கொய்யா என்று புளிப்பாக ஏதாவது இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

தூக்கத்துல டிரவுசர் ஈரமாயிடுது. ஒரு சொட்டு விந்து போனா நூறு சொட்டு ரத்தம் போன மாதிரியாமே?

இந்தச் சீட்டுதான் பையன்களிடமிருந்து அதிகம் வருவது. விந்து தொடர்ந்து உற்பத்தியாகிக்கொண்டே இருப்பது. தூக்கத்தில் வெளியேறுவது வளர்ச்சியின் அடையாளம், நோய் இல்லை. சிலருக்கு வாரம் சில முறை, சிலருக்கு வராமலே போகும், இரண்டும் சரிதான். விந்து ரத்தத்திலிருந்து செய்யப்படுவதில்லை. எழுந்து கழுவிவிட்டு டிரவுசரை மாற்றிக்கொண்டால் போதும்.

கைப்பழக்கத்தால் நரம்புத் தளர்ச்சி வரும், கன்னம் ஒட்டிப்போகும், ஞாபகம் போகும், கல்யாணத்துக்கு லாயக்கில்லாமல் போய்விடும் என்பதெல்லாம் பொய். பயமுறுத்திப் பிழைக்க ஒரு கூட்டமே இருக்கிறது: லாட்ஜில் ரூம் எடுத்து மாதம் ஒருமுறை வரும் வைத்தியர்கள், நள்ளிரவு விளம்பரங்கள், பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில் ஒட்டும் நோட்டீஸ்கள். இல்லாத நோய்க்கு லேகியம் வாங்க வீட்டில் பணம் திருடும் நிலைக்குப் பிள்ளைகள் போகிறார்கள். அப்பாக்களே, உங்கள் பையன் அங்கே போவதற்கு முன் நீங்கள் ஒரு ஐந்து நிமிடம் பேசிவிடுங்கள். படிப்பும் விளையாட்டும் கெடும் அளவுக்கு எந்தப் பழக்கமும் மனதை ஆக்கிரமித்தால் அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் பேசலாம். லேகியம் அதற்கும் மருந்தில்லை.

வெள்ளைப்படுது. எலும்பு உருகி வருதுன்னு அத்தை சொல்றாங்க.

மேலே விந்து பற்றிச் சொன்ன கதையின் இன்னொரு வடிவம் இது. எலும்பு உருகி வழியாது. மாதவிடாய் தொடங்க ஆறு மாதம், ஒரு வருடம் இருக்கும்போதே வெள்ளையாகவோ நிறமில்லாமலோ கசிவு வர ஆரம்பிக்கும், பிறகும் மாத நடுவில் வரும். உறுப்பு தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் வழி அது. அரிப்பு, கெட்ட வாடை, பச்சை அல்லது மஞ்சள் நிறம், தயிர் திரிந்தது போன்ற கட்டி இருந்தால் தொற்று, அதற்கு மருந்து உண்டு. உள்ளே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டாம், வெறும் தண்ணீர் போதும்.

முகமெல்லாம் பரு. மெடிக்கல்ல ஒரு க்ரீம் குடுத்தாங்க, போட்டா வெள்ளையாவும் ஆகுது.

உடனே நிறுத்துங்கள். டாக்டர் சீட்டில்லாமல் கடையில் தரும் பல க்ரீம்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். முதல் வாரம் பளபளக்கும், பிறகு தோல் மெலிந்து சிவந்து, பரு இரண்டு மடங்காகும். மாதக்கணக்கில் போட்டு வந்திருந்தால் நிறுத்தியதும் முகம் எரியும், சிவக்கும். அதனால் தோல் டாக்டரையும் கையோடு பாருங்கள். தொடையிடுக்கில் வரும் படர்தாமரைக்கும் இதே க்ரீமைத் தடவிப் பரப்பிக்கொள்ளும் பையன்கள் நிறைய. அங்கே வேண்டியது பூஞ்சை மருந்தும் காய்ந்த பருத்தி உள்ளாடையும்.

பருவுக்கு ஒரு நாளைக்கு இரண்டு முறை சாதாரண சோப்பில் முகம் கழுவினால் போதும். கிள்ளினால் தழும்பு நிற்கும். டாக்டர் தரும் மருந்தும் பலன் காட்ட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், ஒரு வாரத்தில் கைவிடாதீர்கள். வெள்ளையாக வேண்டும் என்ற ஆசையைப் பற்றி: உங்கள் நிறத்தில் சரி செய்ய ஒன்றும் இல்லை.

டீச்சர், எதைச் சொன்னாலும் எரிஞ்சு விழறான். ரூம் கதவைச் சாத்திக்கிறான். போன வருஷம் வரைக்கும் என் முந்தானையப் புடிச்சுட்டுத் திரிஞ்ச புள்ள.

உணர்ச்சியைக் கிளப்பும் மூளைப் பகுதிகள் இந்த வயதில் வேகமாக வேலை செய்கின்றன. யோசித்து அடக்கும் முன்பகுதி முழுதாக முதிர 25 வயதுவரை ஆகும். தூக்கம் வரவழைக்கும் மெலடோனினும் இரவில் தாமதமாகச் சுரக்கிறது, அதனால் பதினொரு மணிக்கு முன் தூக்கம் வராது, காலையில் எழவும் முடியாது. 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டிய பிள்ளை டியூஷன், போன் என்று 6 மணி நேரம் தூங்கினால் எரிந்து விழத்தான் செய்வான். போனை இரவில் ஹாலில் சார்ஜ் போடுங்கள், உங்கள் போனையும் சேர்த்து. கதவைச் சாத்தட்டும், தட்டிவிட்டு உள்ளே போங்கள். சொந்தக்காரர் முன்னால் மட்டும் திட்டாதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடும் தூக்கமும் கெட்டு, பிடித்த விளையாட்டையும் விட்டு, "நான் இருந்து என்ன" என்ற பேச்சு வந்தால் அது வயசுக் கோளாறு இல்லை. அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸில் தமிழில் இலவசமாகப் பேசலாம், எந்நேரமும்.

எனக்கு ஒருத்தனைப் புடிச்சிருக்கு. இது தப்பா மிஸ்?

பிடிப்பது தப்பில்லை. முன்பு சொன்ன அதே ஹார்மோன்கள், அதே மூளை, இந்த வயதில் மனசு ஒருவர் பக்கம் சாயும். ஆனால் உன்னைப் பிடித்த யாரும் போட்டோ கேட்டு மிரட்ட மாட்டார்கள், தனியாக வரச் சொல்லி நச்சரிக்க மாட்டார்கள், பாஸ்வேர்டு கேட்க மாட்டார்கள். கேட்டால் விலகு. 18 வயதுக்குக் கீழ் இருப்பவரின் சம்மதத்தைச் சட்டம் சம்மதமாக எடுத்துக்கொள்வதில்லை. பெற்றோருக்கு: தெரிந்தவுடன் பள்ளியை நிறுத்திக் கல்யாணம் பேசாதீர்கள். 18 வயதுக்குள் பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குற்றம்.

நான் பையன்தான். ஆனா உள்ளுக்குள்ள பொண்ணுன்னுதான் தோணுது. எனக்கு என்ன ஆச்சு?

உனக்கு ஒன்றும் ஆகவில்லை, இது நோய் இல்லை. மாற்றங்கள் தொடங்கும்போது, மாறும் உடம்பும் மனசும் ஒட்டவில்லை என்று சிலருக்குத் தெளிவாகத் தெரியும். சிலருக்கு விளங்க இன்னும் நாளாகும், அவசரமில்லை. திருநங்கையருக்கென்று 2008-லேயே நல வாரியம் அமைத்த மாநிலம் இது. இப்படிப்பட்ட மனதை மருத்துவத்தால் "மாற்றும்" முயற்சிகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் தடை செய்தது. அடிக்கிற, மந்திரிக்கிற, ஊசி போடுகிற ஆளிடம் கூட்டிக்கொண்டு போனால் மறுக்கலாம். வீட்டை விட்டு ஓடிவிடாதே, படிப்பை விடாதே. நம்பும் பெரியவர் ஒருவரிடம் சொல்.

உங்ககிட்ட ஒண்ணு சொன்னா யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல மிஸ்?

மற்ற கேள்விகள் எல்லாம் எனக்குள்ளேயே இருக்கும். ஆனால் யாராவது உன்னை உனக்குப் பிடிக்காதபடி தொட்டால், தொடச் சொன்னால், படம் காட்டினால் அல்லது எடுத்தால், அதை ரகசியமாக வைப்பேன் என்று வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. மாமாவாக இருந்தாலும், வாத்தியாராக இருந்தாலும், பையனுக்கு நடந்தாலும் அப்படித்தான். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி, தெரிந்த யாரும் போலீசுக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தே ஆக வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் ஏமாற்றிவிட்டேன் என்று நீ நினைக்கக் கூடாது.

உன் பெயர், படம், பள்ளி எதையும் வெளியிட அதே சட்டம் தடை போடுகிறது. வாக்குமூலத்தை உன் வீட்டிலோ உனக்குப் பிடித்த இடத்திலோ வாங்க வேண்டும், போலீஸ் அக்கா சீருடையில் வரக் கூடாது. உன்மேல் எந்தத் தப்பும் இல்லை, அப்போது சத்தம் போடாமல் இருந்திருந்தாலும், இவ்வளவு நாள் சொல்லாமல் இருந்திருந்தாலும். என்னிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கோ பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண்ணான 14417-க்கோ நீயே கூப்பிடலாம். காசு ஆகாது. போனில் படம் வைத்து மிரட்டுகிறார்கள் என்றால் எதையும் அழிக்காதே, பணம் கொடுக்காதே, சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடு.